கதவோரம் ஒதுங்கிய லெக்சரர்

போர் நின்றிருந்த சமாதான காலம். கிளிநொச்சியிலிருந்து முகமாலைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் உருத்திரபுரத்து அம்மா. மடியில் புதுச் சேலைகள் வைத்த பை. மற்றவர் பளைக்குப் போகிறவர்.

“என்ர மகள் முதல் நாள் வகுப்புக்குள்ளை போகாமல் கதவோரம் ஒதுங்கி நிண்டிட்டாள்,” என்றார் அம்மா, ஏதோ பரிசு வாங்கிய கதைபோல.

“படிக்கிற பிள்ளையோ?”

“இல்லை, படிப்பிக்கிறவள். கம்பஸிலை தாதியர் படிப்புக்குப் புதுசா எடுத்த மூண்டு லெக்சரர்மாரிலை ஒருத்தி.”

“பின்னை ஏன் ஒதுங்கினவ?”

“பத்து வருசம் வார்ட்டிலை நேர்ஸா வேலை செய்தவளெல்லோ. அங்கை டொக்டர் வந்தால் எல்லாரும் எழும்பி வழி விடவேணும். இவள் வகுப்புக்குள்ளை கால் வைக்க, பிள்ளையள் எல்லாரும் எழும்பிச்சினமாம். பின்னாலை டொக்டர் வாறார் எண்டு நினைச்சு விலத்தி நிண்டிட்டாள்.”

“ஆர் வந்தது?”

“ஒருத்தரும் இல்லை. திரும்பிப் பாத்தால் வெறும் விறாந்தையாம். பிள்ளையள் இன்னும் நிண்டபடியாம்.”



“அவவுக்கெல்லோ எழும்பினவை,” என்றார் பளைக்காரி.

“ஓம். அவளுக்குத்தான்.”

கண்டக்டர் வந்தார். “எங்கை இறங்கிறியள், அம்மா?”

“லெக்சரரைப் பாக்கப் போறன்,” என்றார் அம்மா.