தூசி தட்டும் காட்சி

முதலில் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், ஐயா. ஓடிவிடுவேன் என்ற பயம் வேண்டாம். மாடிப்படி ஏறுவதற்கே என் முழங்கால் மனுப் போடச் சொல்கிறது. சாத்திய அறையில் எனக்கு இருப்புக்கொள்ளாது, அவ்வளவுதான். அப்புறம், அந்தப் பேனாவால் மேஜையைத் தட்டாமல் இருந்தால் நல்லது.

நான் சிறுவர்களுக்குக் கார்ட்டூன் வரைகிறவன். உலகத்துப் பழைய பேய்க்கதைகளை வாரம் ஒன்றாக எடுத்து அவற்றின் மானத்தை வாங்குவதுதான் எங்கள் தொடர். ரத்தம் குடிக்கும் பிரபுவுக்குச் சொத்தைப் பல். பிணங்களை ஒட்டுப்போட்டு உயிர்கொடுக்கும் விஞ்ஞானி எங்களிடம் வந்தால் பழைய காலுறைகளைத் தைத்துக்கொண்டிருப்பார். ஓலமிடும் மாளிகைக்கு வேண்டியது மந்திரவாதி அல்ல, கீலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய். எல்லாக் கதையிலும் மாட்டிக்கொண்டு முழிப்பது ஒரு குண்டுப் பூனை.

அந்தப் பூனையைப் பேய் விழுங்கும், சுவர் நசுக்கும், கிணறு குடிக்கும். ஆனால் கடைசியில் அது எழுந்து நின்று, வயிற்றில் ஒட்டிய தூசியைத் தட்டி, பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணடிக்கும். தூசி தட்டும் காட்சி என்று எங்களுக்குள் அதற்குப் பெயர். அதை மட்டும் நான் வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. அதைப் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். அலுவலகத்தில் எனக்கும் தூசிதட்டி என்றே பெயர். வைத்தவள் எங்கள் பேய்க்குரல்காரி. தொடரில் வருகிற அத்தனை பேய்க்கும் அவள்தான் குரல். "அண்ணே, நான் தொண்டை கிழியக் கத்தி உண்டாக்குன பயத்த நீங்க ஒரே தட்டுல தட்டிவிட்டுடுறீங்களே, இது நியாயமா?" என்பாள். அந்த மாதிரி மனுஷியோடு எத்தனை வருடம் வேண்டுமானாலும் குப்பை கொட்டலாம்.

பிறகு புது இயக்குநர் வந்தார். நாங்கள் அவரை மேதை என்போம். அது கிண்டல் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. தேநீரை உறிஞ்சிவிட்டு, "இதுல ஒரு இருண்மை இருக்கு," என்பார். சர்க்கரை குறைவு என்று பொருள்.

உயிரோடு புதைக்கப்பட்டவனின் கதையை எடுத்தோம். பூனை பெட்டிக்குள் விழும், மூடி மூடிக்கொள்ளும். நான் வழக்கம்போல் தூசி தட்ட வைத்திருந்தேன். அவர் அதை வெட்டினார்.

"மூடி விழுது. இருட்டு. முடிஞ்சுது படம்."

"சார், பூனை வெளிய வரணுமே. பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குமே."

"இருக்கட்டும். பயம்ங்கிறது ஒரு தரிசனம், பெருசு. நீங்க என்னடான்னா பேய்க்கு டயப்பர் மாத்திக்கிட்டு இருக்கீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை, தொழில்காரனுக்கு மதிப்புப் போடத் தெரியாதா. இதற்காகச் செய்தேன் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

செய்தது அவர் மகளுக்காக. பள்ளி விட்டதும் அந்தச் சின்னப் பெண் என் மேஜைப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். இன்னும் ஒலி சேர்க்காத அந்தப் படத்தை அவள் பார்த்துவிட்டாள்.

"மாமா, பூனை எப்ப வெளிய வரும்?"

"அப்பாவைக் கேளு, கண்ணு."

கேட்டாள். "வரவே வராது," என்று அவர் சிரித்தார். மறுநாள் அவள் லிப்டில் ஏற மாட்டேன் என்று படிக்கட்டுக் கம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு பிள்ளையை அப்படிப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது, நீங்களே சொல்லுங்கள்.

தொடர் விடுமுறைக்கு முந்தைய மாலை, எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் கேட்கும் மூச்சுக்கு அசல் மூச்சுதான் வேண்டும், அதைத் தானே கொடுப்பேன் என்று மேதை ஒற்றைக்காலில் நின்றார். "எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு. உங்க மூச்ச நீங்களே விட்டுக்குங்க சார்," என்று பேய்க்குரல்காரியும் போய்விட்டாள்.

எங்கள் ஒலிப்பதிவு அறை சின்னது. கதவைச் சாத்தினால் உள்ளே இடி விழுந்தாலும் வெளியே கேட்காது. உட்பக்கக் கைப்பிடி உடைந்து வெகுநாள் ஆகிறது. இரைச்சல் கொடுக்கும் என்று செல்போனை வெளியே வைத்தார். கூடவே மூச்சுத்திணறலுக்கு இழுக்கிற இன்ஹேலரையும் வைத்தார். விளக்கையும், காற்றனுப்பும் விசிறியையும் அணைக்கச் சொன்னவரும் அவரே. "நான் சொல்ற வரைக்கும் திறக்காதீங்க, பெருசு."

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். முதலில் வந்தது நடிப்பு, அதுவும் மிகை. பிறகு, "போதும், திறங்க," என்றார். பிறகு, "இன்ஹேலர்," என்றார். பிறகு தட்ட ஆரம்பித்தார். வந்த நாள்முதல் அவர் கேட்டுக்கொண்டிருந்த அசல் அங்கேதான் தொடங்கியது. பதிவு சுத்தமாக வந்திருக்கிறது, நீங்களும் கேட்டிருப்பீர்கள். தூசி தட்டும் காட்சிக்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும், ஐயா. அவசரப்பட்டால் மனசில் தங்காது. விட்டேன். பெருசு என்பது போய், "அண்ணே, அண்ணே," என்றார். மரியாதை பழகிக்கொண்டாரே என்று சந்தோஷமாக இருந்தது.

ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். போனில் மகளின் படத்தோடு ஓர் அழைப்பு வந்தது, அணைத்துவைத்தேன். இன்ஹேலர் தொலைந்துவிடப் போகிறதே என்று என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் தனிமை தேடிக் கிளம்பிப் போவது மேதையின் வழக்கம் என்பதால் அவர் வீட்டிலும் யாரும் உடனே பதறவில்லை.

அந்த விடுமுறை முழுக்க எனக்கு ஒரு நிலைகொள்ளாமை. உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும். நின்றால் அலுவலகச் சாவியை எடுக்கத் தோன்றும். அதனால் வரைந்தேன். மேதை கதவைத் திறந்துகொண்டு வருகிறார், சட்டையில் தூசியைத் தட்டுகிறார், கண்ணடிக்கிறார். நான் வரைந்ததிலேயே ஆகச் சிறந்தது அதுதான்.

விடுமுறை முடிந்து வந்து அந்தக் கதவைத் திறந்தவள் பேய்க்குரல்காரி. அத்தனை பேய்க்கும் கத்தியவளுக்கு அன்று குரலே எழும்பவில்லை.

பேனா, ஐயா. தட்டாதீர்கள்.

நான் வரைந்த அந்தப் படத்தைக் குழந்தையிடம் கொடுத்தேன். கண்கொட்டாமல் பார்த்தாள்.

"அப்பா எப்ப வெளிய வருவாரு, மாமா?"

"அடுத்த காட்சியில, கண்ணு."

இப்போது அவள் வீட்டில் எந்தக் கதவையும் யாரையும் சாத்த விடுவதில்லையாம். படத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறாளாம்.

எழுதிக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தியவன் நான். தட்டியதைக் கேட்டுக்கொண்டே திறக்காமல் போனவனும் நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கீழே ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இத்தனை வருடத் தொழிலில் ஒரு குழந்தையைக்கூட நான் பயமுறுத்தி அனுப்பியதில்லை.