அழுக்காகாத யூனிஃபார்ம்

– மாமா, இந்தச் சட்டையில ஒரு சொட்டு கிரீஸ் காட்டு, பாக்கலாம்.

– அட, புருஷன் சுத்தமா வரான்னு சந்தோஷப்படுவியா!

– மூணு மாசமா வெல்டர் வேலை. சட்டையில ஒரு நெருப்புப் பொத்தல்கூட இல்ல. குறிஞ்சிப்பாடி பட்டறையில எங்கண்ணன்கிட்ட இருந்தப்ப உன் சட்டை சல்லடையாட்டம் இருக்கும்.

– அது பட்டறை. இது கம்பெனி, ஸ்ரீமதி.

– டிபன் பாக்ஸ் தினம் கழுவி வருது. யாரு கழுவுறா?

– நான்தான்.

– வூட்ல ஒரு டம்ளர் கழுவமாட்ட. பேரச் சொல்லு, போதும்.

– அட சாமி! பொம்பளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. சத்தம் போடாத.

– அப்ப?

– வேலையே இல்ல.

– இன்னா?

– காலையில போறேன், கார்டு தட்டுறேன், ஷெட்டுல உக்காந்திருக்கேன். மெஷினே இன்னும் வரல. நானூறு பேருக்கு வேலை குடுத்தா பத்து வருஷம் வரி கிடையாதுன்னு கவர்மெண்டு சொல்லியிருக்குதாம். அதிகாரிங்க தலை எண்ண வர்ற அன்னிக்கு ஹெல்மெட் மாட்டிகிட்டு நிக்கணும். மத்த நாளு பொழுது போவல. டிபன் பாக்ஸ் கழுவுறேன்.

– எண்ணி முடிச்சப்புறம்?

– அதான் தெரியல. பட்டறையையும் விட்டுட்டேன். ‘கம்பெனி ஆளாயிட்டேன்’னு சிதம்பரம் வரைக்கும் ஸ்வீட் குடுத்தாச்சு. உங்கண்ணன் முன்னாடி எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்?

– ஷெட்டுல எத்தினி பேரு இருக்கீங்க?

– ஜாஸ்தி போனா நூத்தியிருவது.

– பாக்கி தலைங்க?

– அது நமக்கெதுக்கு? வாய மூடிகிட்டு இருந்தா பர்மனென்ட் பண்றேன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு. நாளைக்கு எண்ண வராங்க. நீ வேலை பாக்குற ஜெராக்ஸ் கடைக்கு நூறு பேரு வருவாங்க, உளறிடாத.

– உங்க மேனேஜரே இன்னிக்கு வந்தாரு. வரித் தள்ளுபடிக்குக் குடுக்கணுமாம், ஆளுங்க லிஸ்ட்டை நாலு செட் எடுத்தாரு.

– உன்ன யாருன்னு தெரியுமா அவருக்கு?

– தெரிஞ்ச மாதிரி இல்ல. அது இருக்கட்டும். மெடிக்கல் கார்டுக்குன்னு என் போட்டோவும் ரேஷன் கார்டு நகலும் கேட்டு வாங்கிட்டுப் போனியே, கார்டு வந்துதா?

– வரும். அத ஏன் இப்ப கேக்குற? என் தலையெழுத்து என்னோட போவட்டும், உன்ன இதுல இழுக்கமாட்டேன். சத்தியமா.

– இழுத்தாச்சு மாமா. லிஸ்ட்ல உன் பேருக்குக் கீழ என் போட்டோதான் ஒட்டியிருக்கு. நானும் வெல்டராம். மூணு மாசமா ஒரு நாள்கூட லீவு போடலியாம்.