அதே கப்பில் டீ

மாலையில் தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் பெண்கள் இருவர். ஜன்னலோரம் இருந்தவள் இங்கிலீஷ் விடைத்தாளை நான்காக மடித்துக்கொண்டே சொன்னாள்:

“அது பயங்கரமான ஊருன்னே எனக்குத் தெரியலடி.”

“எது, டெஸ்ட்ல குடுத்த அந்த வருங்காலக் கதையில வர்ற ஊரா?”

“ஆமா. மேல இருக்கிறவங்களுக்குக் கண்ணாடி டம்ளர். வேலை செய்யறவங்க குடிச்ச கப்பை மட்டும் உடனே எரிச்சுடுவாங்கல்ல? ‘இந்த ஊர்ல உங்கள உறுத்துறது எது’ன்னு கேள்வி. ‘ஒண்ணுமில்ல, அது சுத்தத்துக்காக’ன்னு எழுதிட்டேன்.”

“மிஸ் திட்டினாங்களா?”

“இல்ல. ‘வீட்டுக்குப் போய் யோசி’ன்னாங்க. யோசிக்க என்ன இருக்கு? எங்க வீட்ல யாரு வந்தாலும் சில்வர் டம்ளர். நடவு ஆளுங்களுக்கு மட்டும் பேப்பர் கப்.”

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. அவள் தாளை இன்னும் சிறிதாக மடித்தாள்.

“போன வாரம் உங்கம்மா நடவுக்கு வந்தப்ப நான்தான்டி டீ குடுத்தேன். அதே கப்புல.”

மற்றவள் பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“தெரியும். சக்கரை தூக்கலாப் போட்டிருந்தியாம். அம்மா சொன்னாங்க.”