சாலமன் தட்டிய கதவுகள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஹில்டா டீச்சர் அவர்களே, அண்ணனை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கெசியா அம்மா, குடியிருப்போர் சங்கத்தாரே, வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்த முடிச்சூர் உறவுகளே, வணக்கம்.

நான் வெற்றிவேல். தாம்பரம் ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவன். போன ஆண்டுதான் ஹில்டா டீச்சரிடம் எழுதப் படிக்கக் கற்றேன். இந்தத் தாளில் இருப்பது முழுக்க என் கையெழுத்து. துக்கக் கூட்டத்தில் இதைச் சொல்லும்போதும் மனசு குதிக்கிறது, மன்னியுங்கள். மெதுவாகத்தான் படிப்பேன். வெளியே கறுத்துக் கிடக்கிறது. மழைக்கு நம்மை எழுப்பிவிடுகிறவர் போய்விட்டார்.

பாட்டுக் கலைஞர் தம்பி சாலமன் காய்ச்சலில் போய்விட்டார். அவர் விட்டுச் சென்றது ஒரு ஆல்பம். பெயர் ‘அடுத்த வீடு’. எந்தக் கம்பெனியும் வெளியிடவில்லை. தன் அறையில் அவரே பாட, கெசியா கணினியில் சேர்த்து இணையத்தில் போட்டார். ராப் பாட்டுத்தான். ஆனால் ஒருவர் நம் பக்கத்தில் உட்கார்ந்து, மெல்லிய தாளத்தில் கதை சொல்வது போல இருக்கும்.

ஒருநாள் டீக்கடையில் கேட்டேன். “இன்னாப்பா சாலமன், ராப்புன்னா கைய ஆட்டிக் கத்துவாங்களே? நீ தாலாட்டு பாடிகினு கீற?”

“கத்துனா ஜனம் கதவ சாத்திக்கும் பெருசு. மெதுவா பேசுனாத்தான் இன்னான்னு எட்டிப் பாக்கும்.”

“ரெண்டாவது பாட்டு முடியறப்போ யாரோ கதவத் தட்டுனாங்கோ. எந்திரிச்சுப் போய் தொறந்து பாத்தேன். ஒருத்தரும் இல்ல.”

விழுந்து விழுந்து சிரித்தார். “அது பாட்டுல வர்ற கதவு. இன்னொரு தபா கேளு. அப்பால வந்து சொல்லு.”

கேட்டேன். முதலில் கேட்டபோது ஒவ்வொரு பாட்டும் நம் தெருவில் ஒரு வீட்டின் கதை. பால் குண்டானோடு மாடிப்படியில் நின்ற தையல்நாயகி, சைக்கிளைத் தோளில் தூக்கிய அச்சுதன் சார் என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம். மறுபடி கேட்டபோது, ஒவ்வொரு பாட்டும் கதவு தட்டுவதில் முடிகிறது, அடுத்த பாட்டு அந்தக் கதவு திறப்பதில் தொடங்குகிறது என்று தெரிந்தது. அதற்கும் மேல் கேட்டபோதுதான் முழுசாகப் பிடிபட்டது. பாட்டுகளின் வரிசை, அந்தப் பெருவெள்ளத்தின் விடியற்காலையில் நம் தெருவுக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுந்த வரிசை. ஒரு வீட்டார் அடுத்த வீட்டாரை எழுப்ப, எல்லோரும் பிழைத்த வரிசை.

எல்லோருமா பிழைத்தோம்?

கடைசிப் பாட்டு தெருக்கோடி வீட்டு அஞ்சம்மாளுடையது. அதற்கு முந்தைய பாட்டின் முடிவில் மட்டும் தட்டும் சத்தம் இல்லை. பதிவில் கோளாறு என்று நினைத்தேன். டீச்சர் ஹெட்போனை மாட்டிவிட்டார். அந்த அமைதிக்குள் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. அஞ்சம்மாளுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவர்கள் மாடி ஏறிக்கொண்டார்கள், அந்தம்மாவைக் கூப்பிடவில்லை. தெருவின் மறுமுனையிலிருந்து சாலமன் இடுப்பளவு நீரில் போய்த் தட்டியபோது, உள்ளேயிருந்து பதில் இல்லை.

பாட்டில் அந்த வீட்டாரைத் திட்டினாரா? பெயரைக்கூடச் சொல்லவில்லை. அதன்பின் ஒவ்வொரு மழைக்கும் ஆற்றங்கரைக்குப் போய் நீர்மட்டம் பார்த்து வந்து, வீடு வீடாகத் தானே தட்டினார். நாம் என்ன செய்தோம்? ‘சாலமன் கீறான், எழுப்புவான்’ என்று போர்த்திக்கொண்டு படுத்தோம். இனி யார் எழுப்புவார்?

எனக்குப் பயமாக இருக்கிறது. என் மனைவியால் நடக்க முடியாது. பக்கத்து மனையில் தசரதன் மண் கொட்டி உயர்த்தி மாடி வீடு கட்டியதிலிருந்து, தெருவிலேயே பள்ளமான வீடு எங்களுடையது. தண்ணீர் முதலில் எங்களிடம்தான் வரும்.

“உன் வூட்டுத் தண்ணிய உன் வூட்லயே வெச்சிக்க” என்றேன் அன்றைக்கு. “நீயும் மண்ணு கொட்டிக்க, யாரு வேணான்றது?” என்றார் அவர். அத்தோடு எங்கள் பேச்சு நின்றுபோய்ப் பல மழைக்காலம் ஆகிவிட்டது.

பெரியோர்களே, சாலமனுக்கு மாலை போட்டாயிற்று. அவர் வேலையை யார் எடுத்துக்கொள்வது? ஒருவர் தெரு முழுவதும் ஓட வேண்டாம். அவரவர் அடுத்த வீட்டை எழுப்பினால் போதும். மழை இறங்குவதற்குள் ஒவ்வொருவரும் எழுந்து, தான் எழுப்பப்போகும் வீட்டின் பெயரை இங்கே எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதுதான் நாம் அவருக்குச் செய்யும் அஞ்சலி.

நானே தொடங்குகிறேன். தசரதன் அவர்களே, நீங்கள் வருவீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதினேன். வந்திருக்கிறீர்கள். தண்ணீர் ஏறினால் உங்கள் கதவைத்தான் தட்டுவேன். என் மனைவியை உங்கள் மாடிக்குத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். திறப்பீர்களா?

நீங்கள் சொல்லும்வரை நான் உட்காரப்போவதில்லை.