சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு வான்கோழி

சூப்பர்வைசர்: அந்த முனையைப் பிடி.

நெட்டை: ஐயோ, நீங்க எதுக்கு சார் பெட்ஷீட் மடிச்சுக்கிட்டு...

சூப்பர்வைசர்: பிடின்னா பிடி. ஒத்தை ஆளா மடிச்சா கோணிக்கும். அது சரி... சுவத்துல அந்த வான்கோழியை யாரு வரைஞ்சது?

நெட்டை: எந்த வான்கோழி?

சூப்பர்வைசர்: டை கட்டின வான்கோழி. சாப்பாட்டு ரூம்ல, துணிக்கு நம்பர் போடுற மையில. இந்த லாண்டரியில எந்தக் கறையும் போகும், அந்த மை மட்டும் போகாது.

நெட்டை: ஓ... அதுவா. டீவி கார்ட்டூன்ல மேனேஜரா வர்ற வான்கோழி, சார். வாராவாரம் புதுசா ஒரு சட்டம் போடும், அதுலயே தானும் போய் மாட்டிக்கும்.

சூப்பர்வைசர்: எனக்கே கதை சொல்றியா? ஒரே பெஞ்சுல உட்கார்ந்து பார்த்தவங்கதானே நாம.

நெட்டை: இருபது வருஷமா ஓடுது. அதே டை, அதே சிலுப்பல். இன்னும் சலிக்கல பாருங்க.

சூப்பர்வைசர்: ஏன் சலிக்கல?

நெட்டை: நம்ம தலைமேல உட்கார்ற ஆளுங்க மாறிக்கிட்டே இருக்காங்களே சார். ஆளு மாறினா வான்கோழியும் புதுசாயிடுது... பொதுவா சொன்னேன்.

சூப்பர்வைசர்: பொதுவா... ம். அதான் நான் உள்ள வந்தா சட்டுனு செய்திக்கு மாத்திடறீங்களா?

நெட்டை: நாட்டு நடப்பு தெரிய வேணாமா சார்?

சூப்பர்வைசர்: கன்னம் உப்ப சிரிப்பை அடக்கிக்கிட்டு செய்தி பார்க்கிற கூட்டத்தை இங்கதான் பார்க்கிறேன். மூலையைச் சேர்.

நெட்டை: சேர்த்துட்டேன்.

சூப்பர்வைசர்: ஆமா... படம் எப்படி இருக்கு?

நெட்டை: கேவலமா இருக்கு சார். கொக்குக்கு வயித்து வலி வந்த மாதிரி.

சூப்பர்வைசர்: அவ்ளோ மோசமாவா?

நெட்டை: மூக்கைப் பாருங்க. மூக்கா அது?

சூப்பர்வைசர்: மூக்குல என்ன குறை கண்டே? ... சரி விடு. மேல ஆபீஸ்ல பெரியவர் குதிகுதின்னு குதிக்கிறார். தன்னைத்தான் வரைஞ்சிருக்காங்களாம்.

நெட்டை: அவரையா? அவருக்கு ஏது அவ்ளோ பெரிய தொப்பை?

சூப்பர்வைசர்: அப்போ யாருக்கு இருக்கு?

நெட்டை: ...யாருக்கும் இல்ல சார்.

சூப்பர்வைசர்: இன்னிக்குள்ள ஒரு பேர் வேணுமாம். வரைஞ்ச ஆளுக்கு இருக்கிற வேலை போயிடுமாம்.

நெட்டை: என் பேரைக் கொடுங்க.

சூப்பர்வைசர்: என்ன?

நெட்டை: நான்தான் வரைஞ்சேன்.

சூப்பர்வைசர்: நீயா! எட்டு போடச் சொன்னா ரெண்டு முட்டையைத் தனித்தனியா வைக்கிற ஆளு நீ.

நெட்டை: வீட்டுல பழகினேன்.

சூப்பர்வைசர்: சரி, டையில கோடு போட்டிருந்துச்சா, புள்ளி வச்சிருந்துச்சா? சொல்லு...

நெட்டை: விடு மச்சான்! உன்னைக் காப்பாத்தலாம்னு பார்த்தா குறுக்கு விசாரணை பண்றே. மை பாட்டில் உன் மேஜைக்குள்ள, சாவி உன் இடுப்புல. யாரு வரைஞ்சதுன்னு எங்களுக்குத் தெரியாதா?

சூப்பர்வைசர்: ...எல்லாருக்குமா?

நெட்டை: பார்த்த அன்னிக்கே. ஏன்டா உனக்கு இந்த வேலை?

சூப்பர்வைசர்: நானும் என்னைப் பார்த்துச் சிரிப்பேன்னு காட்ட வேணாமா? தொப்பையெல்லாம் கண்ணாடி பார்த்துப் போட்டேன். எவனாவது ஒருத்தன் 'வாடா பெஞ்சுக்கு'ன்னு கூப்பிடுவான்னு பார்த்தா... அது மேல துண்டைத் தொங்கவிட்டுட்டீங்க.

நெட்டை: மேல இருந்து யாராவது பார்த்துத் தொலைச்சா உன் கதி என்ன? அதான் மறைச்சோம், அப்படியும் பெரியவர் கண்ணுல பட்டுடுச்சு. எனக்கென்ன, நான் மடிக்கிறவன். வேற எங்கயாவது போய் மடிப்பேன். நீ போய் என் பேரைச் சொல்லு.

சூப்பர்வைசர்: சொல்லிட்டேன்.

நெட்டை: ...என்னது?

சூப்பர்வைசர்: முதல்ல என் பேரைத்தான் சொன்னேன். நானே வரைஞ்சேன், அது நானேதான்னு. பெரியவருக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு. 'நல்லவேளை, நான்னு நினைச்சேன்'னு விழுந்து விழுந்து சிரிச்சார். சிரிச்சு முடிச்சுட்டு என்னைப் பழையபடி மடிப்புக்கே இறக்கிட்டார்.

நெட்டை: அடப்பாவி! அதான் வந்து முனையைப் பிடிக்கச் சொன்னியா? சரி... என் பேரை எதுக்குச் சொன்னே?

சூப்பர்வைசர்: 'இனிமே சூப்பர்வைசரா யாரைப் போடறது'ன்னு கேட்டார்.