உள் ரூம்ல இருந்த பீப்பா

கரண்ட் இப்போதைக்கு வராது. அந்த செல் லைட்ட அணைங்கடா... சார்ஜும் போவும், கதையும் போவும். யாரு அது, அதுக்குள்ள சிரிக்கறது? சிரி சிரி. அப்புறம் பின்பக்கம் போவணும், துணைக்கு வான்னு என்னைக் கூப்டாத.

இது எங்கூட தையல் கம்பெனில வேலை பார்த்த சவுரியம்மாளோட அண்ணனுக்கு நடந்தது. ஆரோக்கியராஜுன்னு பேரு. பாண்டி பக்கம் ஒரு ஒயின் கொடவுன்ல வேலை.

ராத்திரி ஒம்பதரை இருக்கும். கண்டமங்கலத்துல மெயின் ரோட்ட விட்டு உள்ள திரும்புனா ரெண்டு பக்கமும் கரும்பு... ஒரு லைட்டு கெடையாது. ஆரோக்கியராஜ் எக்செல் வண்டியில வந்துகினு இருக்காரு. பின்னாடி கயிறு போட்டுக் கட்டுன ஒரு சின்ன மரப் பீப்பா. ரொம்பப் பழசு, ஆவாதுன்னு ஒதுக்கிப் போட்டது. எடுத்துக்கினு போன்னு ஓனரே சொல்லிட்டாரு. காலிப் பீப்பாதான். ஆனா வண்டி பள்ளத்துல எறங்கும்போதெல்லாம் உள்ள... தளக். தளக். நிறுத்துனாரு. தக்கையப் புடுங்கிக் கவுத்துப் பார்த்தாரு. ஒரு சொட்டு இல்ல. திரும்பக் கட்டிக்கினு கெளம்புனாரு. தளக்.

அங்கயே கரும்புல உருட்டி விட்டுட்டு வந்திருக்கணும் மனுஷன். ஆசை யாரை விட்டுச்சு?

அந்த ஒயினு இருக்கே, நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. திராட்சை புளிச்சிகினு இருக்கறப்பவே பிராந்தி ஸ்பிரிட்ட ஊத்தி நிறுத்திடுவாங்க. இனிப்பு அப்படியே நின்னுடும். புதுசுல தொண்டை எரியும், மூக்குல குத்தும். அதையே மரப் பீப்பாயில வருஷக்கணக்கா போட்டு வச்சா... செகப்பு போயி வெல்லப்பாகு நெறம் வரும். வறுத்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை வாசம், காஞ்ச திராட்சை வாசம் வரும். மரம் மூச்சு விடுமாம். உள்ள இருக்கறது கொஞ்சம் வெளிய போவும், வெளிய இருக்கறது கொஞ்சம் உள்ள எறங்கும். வருஷா வருஷம் கொறையறத சம்மனசு, அதான் தேவதூதரு, குடிச்சிட்டுப் போவுதுன்னு வேலை செய்யறவங்க தமாஷ் பண்ணிக்குவாங்க. கொறைஞ்ச அளவுக்குப் புதுசு ஊத்தி ரொப்பிடணும். கலந்துட்டா கலந்ததுதான். எவனாலயும் பிரிக்க முடியாது.

ஒத்தப் பொண்ணு அஸ்வினி. காலேஜு போய்க்கினு இருந்தா. அவ கல்யாணத்துக்குத் தொறக்கலாம்னு புது ஒயின ஊத்தி, வீட்லயே குளுமையான எடம்னு உள் ரூம்ல வச்சாரு. அங்கதான் அவரு சம்சாரம் செண்பகம் படுத்த படுக்கையா கெடந்தாங்க. நெஞ்சுல வியாதி. ராவும் பகலும் இருமலு, நீலகிரித் தைலம்... பீப்பா வந்த கொஞ்ச மாசத்துல உயிரும் அந்த ரூம்லயேதான் போச்சு.

அடுத்த கிறிஸ்மஸ் அன்னிக்கு மனசு கேக்காம தக்கைய எடுத்து ஒரு டம்ளர் புடிச்சாரு. மோந்து பார்த்தாரு. மல்லாட்டை இல்ல, திராட்சை இல்ல. நீலகிரித் தைலம். அதுக்கு அடியில எண்ணெய் வச்ச தலை வாசம். செண்பகத்தோட தலை. ஒரு முழுங்கு உள்ள போனதும் காதோரமா... க்கும். க்கும்.

“என்னாங்க...”

அழுதுட்டாரு. பயத்துல இல்ல, சந்தோஷத்துல.

அப்புறம் தெனம் ஒரு முழுங்கு. கொறைஞ்சா ரொப்பணும்ல? ரொப்பினாரு. ரொப்ப ரொப்ப அந்தக் கொரலு தேய்ஞ்சுக்கினே போச்சு. ரெண்டாவது தடவையும் செண்பகத்தைச் சாவக் குடுக்கற மாதிரி இருந்துச்சாம் அவருக்கு. பீப்பாக்காரன் புத்தி எப்படிப் போவும்? ரூம்ல இருக்கறதுதான் உள்ள எறங்குது. செண்பகம் இல்ல. ஆனா அவங்க முடி, அவங்க கொரலு, அவங்க ரத்தம்... முன் ரூம்ல படுத்துக்கினு இருக்கு.

“பாப்பா, இங்க கொசு புடுங்குது. நீ இனிமே அம்மா ரூம்ல படும்மா.”

“சரிப்பா.”

அவ்ளோதான். பெத்த பொண்ணுக்கு அவரு பண்ணது அந்த ஒரு வார்த்தைதான். பாவி மனுஷன்.

அதுலேர்ந்து பீப்பா கொறையவே இல்ல. ராத்திரி எடுத்தா, காலையில கழுத்து வரைக்கும் நிக்கும். எப்படின்னு அவரு கேக்கல. கொரலுதான் கணீர்னு வருதே.

மொதல்ல கண்டுபுடிச்சது வீட்டு நாயி. காலேஜு விட்டு வந்த அஸ்வினியப் பார்த்து, வேத்து ஆளப் பார்த்த மாதிரி கொலைச்சுச்சு. கிட்ட வந்து மோந்துச்சு... வாலை இடுக்கிக்கினு பின்னாடியே போச்சு. ஞாயித்துக்கெழமை வந்த சவுரியம்மா அவளைக் கட்டிப் புடிச்சிருக்கா. வேர்வை வாசம் இல்ல. பவுடர் வாசம் இல்ல. அப்பதான் எண்ணெய் வச்சிருக்கு, அந்த வாசமும் இல்ல. கழுவிக் கவுத்த டம்ளர மோந்த மாதிரி இருந்துச்சாம்.

அப்புறம் அவ கொரலு எறங்குச்சு. மொகம் வெளுத்துச்சு. விழுப்புரம் டாக்டர், பாண்டி டாக்டர்... எல்லாம் நார்மல்னு எழுதிக் குடுத்தாங்க. மாதா கோயில்ல சாமியார் மந்திரிச்ச எண்ணெய் பூசிவுட்டாரு. கடைசியில கிறிஸ்துவ வேதக்காரங்களாச்சேன்னு கூடப் பாக்காம, அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கும் தூக்கிக்கினு போனாங்க. ஒண்ணும் நடக்கல.

ஒரு நாள் ராத்திரி அவரு முன் ரூம்ல ஒக்காந்து டம்ளர வாயில வச்சாரு. இருமல் வரல.

“அப்பா...”

டம்ளர போட்டுட்டு உள் ரூமுக்கு ஓடுனாரு. கட்டில்ல அஸ்வினி கண்ணத் தொறந்துகினு கெடக்கறா. வாய் அசையுது. சத்தம் இல்ல. பக்கத்துல தொணைக்கு இருந்த சவுரியம்மாகிட்ட பீப்பா கதை எல்லாத்தையும் கொட்டிட்டாரு.

“அந்த எழவ ஒடைச்சுப் போடுண்ணா!”

“ஒடைச்சா எம்பொண்ணு மண்ணுல ஊத்திக்கினு போயிடுவாம்மா. அவ அதுக்குள்ளதான் இருக்கா.”

உள்ள போனது அவளுக்கே திரும்பட்டும்னு, செம்புல புடிச்சுப் புடிச்சு, தலையத் தூக்கிப் புகட்டுனாரு. விடிய விடிய. பீப்பா காஞ்சு போற வரைக்கும். அதிசயம் பாருங்க... அவ மொகத்துல ரத்தம் ஊறுச்சு. கை சூடாச்சு. வாசம் திரும்பி வந்துச்சு. அண்ணனும் தங்கச்சியும் முட்டி போட்டு ஜெபம் சொல்ல ஆரம்பிச்சாங்க.

பாதி ஜெபத்துலதான் சவுரியம்மாளுக்கு ஒறைச்சுது. அது தைல வாசம்.

க்கும். க்கும்.

கட்டில்ல கெடந்தவ எழுந்து ஒக்காந்தா. முடிய ரெண்டு சுத்து சுத்திக் கொண்டை போட்டா. ஆரோக்கியராஜ் மொகத்தையே உத்துப் பார்த்தாளாம்.

“என்னாங்க, இப்படி எளைச்சுப் போயிட்டீங்க?”

பீப்பாய ஆட்டிப் பார்த்தாரு, கவுத்துப் பார்த்தாரு, உள்ள காதை வச்சுப் பாப்பா பாப்பான்னு கூப்ட்டாரு. காஞ்ச மரம்தான்.

இன்னிக்கும் அந்த வீட்ல ரெண்டு பேருதான். காலையில அந்தம்மா மூணு தட்டு எடுத்து வைப்பாங்களாம்.

“பாப்பாவ எழுப்புங்க, காலேஜுக்கு நேரமாவுது.”

அவரு எழுந்து உள் ரூமுக்குப் போவாரு. அந்த வெறும் கட்டிலுகிட்ட கொஞ்ச நேரம் நிப்பாரு. அப்புறம் வெளிய வந்து கதவ மெதுவா சாத்துவாரு.

“தூங்கறா செண்பகம்... இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும்.”