கதவோரத் தரை

ஆலயத்தில் கடைசி பெஞ்சுக்கும் பின்னால், கதவோரத் தரையில் உட்கார்ந்தால் நல்ல காற்று வரும், ஐயா. நான் காற்றுக்காக உட்காரவில்லை, தாழ்மைக்காக. உட்கார்ந்ததை எல்லாரும் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வேன்.

கட்டடங்களுக்குச் சாரம் கட்டுவது என் தொழில். கையெல்லாம் கயிறு அறுத்த காய்ப்பு. ஜெபத்தில் உள்ளங்கையை விரித்து வைத்தால் பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு உருகும். ஆலயக் கழிவறையைக் கழுவுவதும் நான்தான். கதவைத் திறந்து வைத்துத்தான் கழுவுவேன்.

அப்புறம் என் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். குடித்துக் கெட்டுத் திருந்தியவன். என்னோடு கட்டடத்தில் கலவை சுமந்தான், ஆலயத்துக்கும் வந்தான். எனக்கு முன்னால் போய்க் கழிவறையைக் கழுவிவிட்டு மூச்சுவிடாமல் இருப்பான். கதவோரத்தை எனக்கு விட்டுவிட்டு வெளியே வெயிலில் நிற்பான். போதகர் பிரசங்கத்தில் அவனைச் சொன்னார்.

“அவன் தாழ்மையா இருக்கான். நீங்க தாழ்மையா இருக்கேன்னு தண்டோரா போடுறீங்க,” என்றாள் மனைவி.

அவனிடமே கேட்டேன், எப்படிடா என்று.

“நம்ம கையில என்ன இருக்கு மச்சான்? கர்த்தரு சும்மா குடுத்தாரு, வாங்கிக்கிட்டேன்.”

சும்மாவாம். நான் முட்டி தேய உழைத்தவன்.

மறுநாள் மேல்தளச் சாரத்தில், அவன் கலவைச் சட்டியோடு வருகிற பலகையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தேன். மறதி என்றெல்லாம் சொல்லமாட்டேன்.

விழுந்தவனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவிழ்த்த கயிறு என் இடுப்பில் தொங்கியது. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மேஸ்திரி ஓடிவந்ததும், “மச்சான் நல்லாத்தான் கட்டியிருந்தாரு. நான்தான் அவுத்தேன். திரும்பக் கட்ட மறந்துட்டேன்,” என்றான். அதோடு போய்விட்டான்.

எல்லாரும் நம்பினார்கள். அடக்கத்தன்று போதகர் மறுபடியும் அவன் தாழ்மையைப் பற்றியே பேசினார். “போற உசுருலகூட உங்களுக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னு பாத்திருக்கான்,” என்று மனைவி என் தோளில் சாய்ந்து அழுதாள்.

நீங்கள் என்னைத் தேடவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுதுவீர்கள். எழுதுங்கள், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் என் பாவத்தை என்னைக் கேட்காமலே அவன் தூக்கிக்கொண்டு போய்விட்டானே, அதுதான் பொறுக்கவில்லை. இனாமாக எதையும் வாங்கிப் பழக்கமில்லை எனக்கு. அவனைக் கொன்றது நான், ஐயா. அது என் சொந்த உழைப்பு. அதை அவன் பேரில் விட்டுவைக்க முடியாது.